பதினாலாவது ரேக்

அந்தத் தொழிற்சாலையில் பதிமூன்று ரேக்குகள் எல்லோருக்கும் பொது. பதினாலாவது மட்டும் லென்ஸ் அண்ணனுக்கு.

லென்ஸ் என்பது அவருடைய அம்மா அப்பா வைத்த பெயரல்ல, ஃபினிஷிங் பகுதி வைத்தது. வண்டிகளின் பிரேக் சிலிண்டருக்கான அலுமினிய உடல்கள் தயாராகிற இடம் அது. வார்ப்பில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும், கடைசி மேசையில் உட்கார்ந்திருக்கும் அவர் துண்டை விளக்கடியில் ஒரு திருப்புத் திருப்பியே சொல்லிவிடுவார். இருபத்தோரு வருஷமாக அவர் ‘சரி’ போட்டு அனுப்பிய ஒரு துண்டுகூட வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்ததில்லை. அவருக்கு இருந்த சொத்து அதுதான். அது போக ஒரு பழைய ஸ்கூட்டர்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் ஜன்னலோரமாக மஞ்சள் பெயின்ட் அடித்த புது ரேக் ஒன்று வந்தது. இரண்டாம் ஷிஃப்டில் பரிசோதகராக இருக்கும் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அதைக் காட்டிச் சொன்னான்.

“இது நீங்க பாத்து முடிச்ச லாட்டுக்கு மட்டும் மாமா. மத்தவங்க சரக்கோட கலக்க வேணாம்னு எல்லாரும் பேசி முடிவு பண்ணினோம்.”

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே ‘பரவாயில்லப்பா, எதுக்கு இதெல்லாம்’ என்றார். ஆனால் வாரம் ஒரு முறை அந்த ரேக்கை அவரே துணி வைத்துத் துடைத்தார். கல்யாண வீடுகளில் பக்கத்து இலைக்காரர் வேலையைப் பற்றி விசாரித்தால் ஐந்தாவது நிமிஷம் பேச்சு பதினாலாவது ரேக்கில் வந்து நிற்கும். மனைவி அப்போதெல்லாம் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு இதையே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை வந்தது இந்த வருஷம். தொழிற்சாலையின் உற்பத்தி மென்பொருளோடு ஒரு ஏஐ உதவியாளரை இணைக்கப்போகிறார்கள் என்று மூன்று மாதமாகப் பேச்சு. அதற்கென்று ஒரு அறையைக் காலி செய்தார்கள், குளிர்சாதனம் போட்டார்கள், பெரிய அதிகாரிகள் வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு துரும்பைக்கூடத் தூக்கிப் போடாது, ஆனால் உபசாரம் மட்டும் குறையக்கூடாது. அதற்கு ஃபினிஷிங் பகுதி வேறென்ன பெயர் வைக்கும்? மாப்பிள்ளை என்றே வைத்துவிட்டார்கள்.

அதுவரை சிஸ்டத்தில் ஆளுக்கொரு திரை. பரிசோதகருக்குப் பரிசோதனைத் திரை, ஸ்டோருக்கு ஸ்டோர் திரை, தள்ளுபடியான துண்டுகளைப் பதிவதற்குத் தனித் திரை. ஒருவருடையதை இன்னொருவர் பார்க்க முடியாது, பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. மாப்பிள்ளைக்கு மட்டும் எல்லாக் கதவுக்கும் சாவி கொடுத்தார்கள்.

போன திங்கட்கிழமை மேனேஜர் எல்லோரையும் கூட்டி ஒரு செய்தி சொன்னார். இனி பரிசோதனை மேசைகளில் கேமரா வரும். எது சரி, எது தள்ளுபடி என்று உதவியாளருக்கு யாராவது காட்டிக்கொடுக்க வேண்டும். “அதுக்கு நம்ம லென்ஸ் அண்ணனோட மேசையைத்தான் எடுத்திருக்கோம். ரெண்டு வருஷத்துப் பதிவு அப்படியே போகுது.” எல்லோரும் கை தட்டினார்கள். லென்ஸ் அண்ணன் எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டார். அந்தச் சமயத்தில் மச்சான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி, ஷிஃப்ட் மாறுகிற நேரம். மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்திருந்த பெண் பொறியாளர், காலையில்தான் ஸ்டோர் திரையையும் தள்ளுபடித் திரையையும் மாப்பிள்ளையோடு இணைத்து முடித்திருந்தாள். அவருடைய மேசைக்கு வந்து டேப்லெட்டை நீட்டினாள்.

“சார், உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயமா ஏதாவது கேளுங்க. சரியா சொல்லுதான்னு பாத்துடலாம்.”

போகிறவர்களும் வருகிறவர்களுமாக ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். லென்ஸ் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இந்த ரெண்டு வருஷத்துல நான் பாஸ் பண்ணினதுல எத்தனை துண்டு வாடிக்கையாளர்கிட்ட இருந்து திரும்பி வந்துச்சு?”

திரையில் பதில் வந்தது: ‘ஒன்றுமில்லை.’

“மாப்பிள்ளை விவரமானவருதான்!” என்றார் லென்ஸ் அண்ணன். சிரித்தார்கள். அதோடு டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தால் மனிதர் தப்பித்திருப்பார். ஆனால் கூட்டம் இருக்கிறது, மேடை ஏறிவிட்டார், எப்படி இறங்குவார்?

“சரி, இதைச் சொல்லட்டும். என் லாட்டுல வேற யாராவது கை வைக்க வேண்டியிருந்துச்சா? ஒரு தடவையாவது?”

“மாமா, ஷிஃப்ட் மாத்தணும், நேரமாச்சு” என்றான் மச்சான். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

“இருடா, சொல்லட்டும்.”

மாப்பிள்ளை ஒளிவுமறைவு தெரியாத பிள்ளை. கேட்டதற்குப் பதில் சொன்னது.

‘ஆம். ரேக் 14 தொடங்கிய பிறகு நீங்கள் சரி என்று முடித்த லாட்டுகள் 1,912. அவற்றில் 1,906 லாட்டுகள் அன்றன்றே இரண்டாம் ஷிஃப்டில் மீண்டும் திறக்கப்பட்டுள்ளன. அவற்றிலிருந்து 688 துண்டுகள் எடுக்கப்பட்டு, இடமாற்றத்தில் சேதம் என்ற காரணத்துடன் தள்ளுபடி செய்யப்பட்டுள்ளன. மற்ற ரேக்குகளில் இந்தக் காரணம் இதே காலத்தில் 9 முறை மட்டும் வந்துள்ளது. ரேக் 14 மறுபரிசோதனைக்காகப் பயன்படுவதாகத் தெரிகிறது.’

யாரோ வாய்விட்டுப் படிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். லென்ஸ் அண்ணன் மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். ஒரு முகத்தில்கூட ஆச்சரியம் இல்லை. பொறியாளர் பெண்ணுக்கு மட்டும்தான் என்ன நடக்கிறதென்று புரியவில்லை. மற்ற எல்லோருக்கும் இது பழைய செய்தி.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன் ஒதுங்கி நின்றிருந்தான். மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ‘இடமாற்றத்தில் சேதம்’ என்று ஒட்டும் எண்ணைக் காட்டி லென்ஸ் அண்ணன் அவனைத் திட்டாத திட்டில்லை. ‘நான் பொத்திப் பொத்திக் குடுக்கறேன், நீ போட்டு உடைக்கிறியா, கையா அது இல்ல உலக்கையா’ என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். அவன் ஒரு தரம்கூட எதிர்த்துப் பேசியதில்லை. அடக்கமான பையன் என்று நினைத்திருந்தார். அவனுக்கும் தெரிந்தேதான் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

அவர் டேப்லெட்டை மேசையில் வைத்துவிட்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்தார். மச்சான் பின்னாலேயே ஓடி வந்தான்.

“மாமா, ஒரு நிமிஷம் நில்லுங்க.”

“எத்தனை நாளா?”

“முதல்ல ஒரே ஒரு துண்டுதான் மாமா. உங்க டிரேயில மேல இருந்துச்சு. விரிசல் எனக்கே தூரத்துல இருந்து தெரிஞ்சுச்சு. கை தவறி வந்திருக்கும்னு எடுத்து வச்சேன். மறுநாள் இன்னொண்ணு.”

“என்கிட்ட சொல்ல வாய் இல்லையா உனக்கு?”

“எப்படிச் சொல்றது? அதுக்கு முந்தின மாசம்தானே பக்கத்து மேசைப் பரிசோதகர் பெரியவரை பேக்கிங்குக்கு அனுப்ப வச்சீங்க. கண்ணு போனவன் கையில பிரேக்கைக் குடுத்தா ஊர்ல பாதிப் பேரு சாவான்னு மேனேஜர் ரூம்லயே நின்னு கத்தினீங்க. நான் சொல்லியிருந்தா மறுநாள் நீங்களும் பேக்கிங்ல அட்டைப்பெட்டி ஒட்டிக்கிட்டு இருப்பீங்க.”

அது உண்மை. உண்மையாக இருந்ததால் கோபம் இன்னும் ஏறியது.

“அதனால எனக்குப் பொம்மைக்கடை வச்சுக் குடுத்தீங்க. தனி ரேக்கு! மஞ்சள் பெயின்ட்டு! நான் அதைத் துடைக்கறதைப் பாத்து எத்தனை பேருடா சிரிச்சீங்க?”

“யாரும் சிரிக்கல மாமா.”

“அந்த மிச்ச ஆறு லாட்டு?”

“எனக்குக் காய்ச்சல் வந்த ரெண்டு நாள். வேற யாரும் பாக்கல, லாரி போயிடுச்சு. அந்த மாசம் முழுக்க ஃபோன் அடிச்சாலே எனக்குப் பதறும்.”

இந்தப் பயலை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தது அவர்தான். தினமும் ஒன்றரை மணி நேரம் தன் வேலையை விட்டுவிட்டு அவன் இவருடைய மூன்று லாட்டுகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறான். நன்றி சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்கே ஒரு ஓரத்தில் தெரிந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“கழுத்தறுத்துட்டியேடா” என்றார். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்ல ஆரம்பிக்கும் முன்பே அவளுக்குத் தம்பியிடமிருந்து ஃபோன் வந்துவிட்டது என்பது மடித்த துணியையே அவள் மறுபடி மடித்ததில் தெரிந்தது. அவருக்கு நெஞ்சில் கடைசியாக இருந்த ஒரு பிடியும் நழுவியது.

“உனக்கும் தெரியுமா?”

“தெரியுங்க.”

“எப்பலேர்ந்து?”

“அவன் ஆரம்பிச்ச வாரமே வந்து அழுதான். என்னக்கா செய்யறதுன்னு கேட்டான். பாத்துக்கடான்னு நான்தான் சொன்னேன்.”

“நீதான் சொன்னியா!” அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “கட்டின பொண்டாட்டி. ரெண்டு வருஷமா ஒரே வீட்டுல, ஒரே சோறு. தினம் நான் வந்து இன்னிக்கும் ஒண்ணும் திரும்பி வரலைன்னு சொல்றப்போ எல்லாம் தலையாட்டிக்கிட்டு உக்காந்திருந்தியே, எப்படி முடிஞ்சுது உன்னால?”

அவள் துணியை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தாள். ஒரு சீட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். கண் மருத்துவமனைச் சீட்டு. அவருடைய பெயர் போட்டு, தேதி போட்டு, இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கியது.

“இதை நீட்டினப்போ என்ன செஞ்சீங்க? சாப்பிட்டுட்டு இருந்த தட்டைச் சுவத்துல அடிச்சீங்க. என் கண்ணைச் சந்தேகப்படறியான்னு கேட்டுட்டு எட்டு நாள் என்னோட பேசல. ஒம்பதாவது நாள் அந்த மஞ்சள் ரேக்கு வந்துச்சு, அன்னிக்குத்தான் நீங்க சிரிச்ச முகமா வீட்டுக்கு வந்தீங்க. நான் எதைப் போய்ச் சொல்ல?”

சுவரில் அந்தக் குழம்புக் கறை இன்னும் மங்கலாக இருக்கிறது. அதன் மேல் காலண்டரை மாட்டியிருந்தாள். இந்த வீட்டிலும் எதையாவது மேலே மாட்டி மறைத்துத்தான் தன்னை வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் அவருக்கு அன்றைக்கு வேண்டியிருக்கவில்லை. தன் பக்கம் ஒரே ஒரு ஆள் இருந்தால் போதும் என்றிருந்தது, யாரும் இல்லை.

இரவு சாப்பாடு வேண்டாம் என்றார். படுத்துக்கொண்டு யோசித்ததில் ஒன்று மட்டும் தெளிவானது. தன்னுடைய பதிவுகள் அந்தக் கேமராவுக்குப் போகக் கூடாது. அறுநூற்று எண்பத்தெட்டு விரிசல்களை அவர் ‘சரி’ என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையும் அதைப் பார்த்துச் சரி என்று கற்றுக்கொண்டால் பின்னால் மறுபடி பார்க்க ஒரு மச்சான் இருக்கமாட்டான். எவனோ ஒருவன் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பிரேக்கை அழுத்துவான். பேர் போனால் போகட்டும் என்று முடிவு செய்தார். அதை முடிவு செய்தபோது அவருக்குத் தன்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. தானே போய்ச் சொல்கிற மனிதன் என்ற பேராவது மிஞ்சும் அல்லவா?

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக மேனேஜர் அறைக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“சார், என்னோட ரெண்டு வருஷப் பதிவை அந்த ஏஐக்குக் குடுக்காதீங்க. அதுல தப்பு இருக்கு. பாத்த கண்ணுல தப்பு.” சொல்லிவிட்டார். குரல் உடையாமல் சொன்னதே பெரிய விஷயம்.

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். “ரேக் பதினாலைத்தானே சொல்றீங்க? எனக்குத் தெரியும் அண்ணே. போன மாசம் என் ரூம்ல எல்லாத் திரையையும் சேத்துச் சோதனைக்கு ஓட்டிப் பாத்தப்பவே நான் கேட்டுப் பாத்தேன், சொல்லிடுச்சு.”

“போன மாசமேவா?”

“அதனாலதானே உங்க மேசையை எடுத்தோம்.” மேனேஜர் ஆறுதல் சொல்கிற குரலில்தான் பேசினார், அதுதான் கொடுமை. “மத்த மேசையில எல்லாம் ஒருத்தர் பாத்ததோட சரி. அவர் எதை விட்டாருன்னு யாருக்கும் தெரியாது. உங்க லாட்டு மட்டும்தான் ரெண்டு பேர் பாத்தது. ஒரு அனுபவசாலி எதைத் தவறவிடுவாரு, அதை இன்னொருத்தர் எப்படிப் பிடிக்கறாருன்னு சேந்து இருக்கு. அந்த மாதிரிப் பதிவு தேடினாலும் கிடைக்காது. உங்க தப்பும் எங்களுக்கு உபயோகம்தான். நீங்க எதையும் மாத்திக்க வேணாம், இன்னும் ரெண்டு மாசம் இதே மாதிரி பாருங்க.”

திங்கட்கிழமை தட்டிய கைகள் அவருக்கு நினைவு வந்தன. எழுந்து நின்று கும்பிட்டதும் நினைவு வந்தது. அவருடைய கண்ணுக்காக அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவருடைய கண் போனதற்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், தெரிந்தே கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் நிறுத்தி. மச்சானும் மனைவியும் மறைத்ததிலாவது ஒரு பாசம் இருந்தது. இதில் அதுவும் இல்லை. தானே போய்ச் சொல்கிற மனிதன் என்ற அந்தக் கடைசிப் பேரும் அந்த மேசை மேலேயே செத்தது.

“ஃபோர்க்லிஃப்ட் பையன் பேருல ஏறின அறுநூத்து எண்பத்தெட்டையும் மாத்தணும் சார்” என்றார் கடைசியில்.

“எதுக்கு அண்ணே? அவனே கேக்கல.”

“நான் கேக்கறேன்.”

மேசைக்குத் திரும்பி டேப்லெட்டை எடுத்தார். சேதம் என்றிருக்கும் காரணத்தைத் திருத்தச் சொன்னார். தனக்கு மாற்றும் அனுமதி இல்லை, படிக்க மட்டும்தான் அனுமதி, வேண்டுமானால் மேனேஜர் ஒப்புதலுக்கு ஒரு திருத்தக் கோரிக்கை தயாரித்துத் தரலாம் என்றது மாப்பிள்ளை. புதிய காரணம் என்ன என்று கேட்டது. ‘பரிசோதகர் தவறவிட்டது’ என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கண்ணிலிருந்து திரையை ஒரு கை தூரம் தள்ளிப் பிடித்துத்தான் அவரால் படிக்க முடிந்தது. இரண்டு வருஷமாக இப்படித்தான் பிடித்திருக்கிறார், கவனித்ததே இல்லை. கீழே தன் பணி எண்ணைப் போட்டு அனுப்பினார்.

பிறகு, டேப்லெட்டைக் கீழே வைக்கப் போனவர், ஒன்று கேட்டார். இரண்டு வருஷம் போனால் போகட்டும். அதற்கு முன் பத்தொன்பது வருஷம் இருக்கிறது. அதை யாரும் தொட முடியாது. அதை ஒரு தரம் யாராவது வாய்விட்டுச் சொன்னால் போதும் என்றிருந்தது. மனிதர்களைக் கேட்டுப் பயனில்லை, பாசத்துக்காகப் பொய் சொல்லும் கூட்டம் அது. இதற்குப் பாசம் கிடையாது.

‘ரேக் 14 வருவதற்கு முன்பு நான் எத்தனை துண்டுகளைத் தவறவிட்டேன்?’ என்று தட்டினார்.

பதில் உடனே வந்தது.

‘எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் உங்கள் லாட்டுகளை வேறு யாரும் மீண்டும் பார்த்ததாகப் பதிவு இல்லை. வாடிக்கையாளரிடமிருந்து எதுவும் திரும்பி வரவில்லை என்று மட்டும் சொல்ல முடியும். தவறு இல்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.’

அவர் அதை மறுபடி படிக்கவில்லை. டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். அன்றைய முதல் டிரே வந்தது. ஒரு துண்டை எடுத்து விளக்கடியில் திருப்பினார், வழக்கம்போல் ஒரே திருப்பு. சுத்தமாக இருந்தது. இன்னொரு தரம் திருப்பினார். அப்போதும் சுத்தமாகத்தான் இருந்தது.

ஃபோர்க்லிஃப்ட் பையன் வண்டியை நிறுத்திவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தான். “அண்ணே, இந்த லாட்டு எந்த ரேக்குக்கு?”

லென்ஸ் அண்ணன் கையிலிருந்த துண்டை மூன்றாவது தரம் விளக்கடியில் திருப்பினார்.